நோட்டின் நிறம்

பாலத்தின் மேல் நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. பால் வாங்க வேண்டும், மாம்பழச் சாலையில் நிறுத்து என்றேன். நிறுத்தினாய். இரண்டு பாக்கெட் வாங்கினேன். வீட்டில் ஏற்கெனவே பால் இருந்தது. மறுநாள் நீ புனேக்கு ரயில் ஏறிவிட்டாய். இன்றோடு பன்னிரண்டு நாள். தினமும் போனில் 'சாப்ட்டீங்களா' என்று கேட்கிறாய். 'சாப்ட்டேன், நீ?' என்கிறேன். 'ஆச்சு' என்கிறாய். அந்தக் கேள்வி இன்னும் பாலத்தின் மேலேயே நிற்கிறது.

இதை உனக்கு மட்டும் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் நாற்பத்தியொரு பிள்ளைகள் முன்னால் உன்னைத் திருட்டுப் பையன் ஆக்கினேன். பிறகு பதினான்கு வருடம், ஆசிரியர் பயிற்சிக்குப் போன ஊர்களிலெல்லாம், அந்தக் கதையைப் பெருமையாகச் சொன்னேன். இந்த இதழிலேயே ஒரு முறை எழுதினேன். பலர் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். ஊரறியச் சொன்னதைச் சமையலறையில் வைத்துத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை. இதற்கும் நீ கூச்சப்படுவாய் என்று தெரியும்.

நடந்தது உனக்குத் தெரியும் என்று நினைப்பாய். பொறு. உனக்குத் தெரிந்தது தவறு. அதைத் திருத்தாமல் உன்னை ரயிலேற்றி அனுப்பிவிட்டேன்.

அப்போது நாம் கைலாசபுரத்தில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நான் பக்கத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஏ பிரிவு ஆசிரியை. நீ அதே வகுப்பில், இரண்டாவது பெஞ்ச். பள்ளி கேட் வரைக்கும் நான் அம்மா. கேட்டுக்குள்ளே மிஸ். அம்மா வேலை பார்க்கும் பள்ளியிலேயே படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ள விதிதான். நான் அதை மற்றவர்களைவிடக் கறாராக வைத்திருந்தேன். ஒரு நாள் கணக்குப் பாடத்தின் நடுவில் நீ எழுந்து வந்து, "மிஸ், ஜுரம் அடிக்குது மிஸ்" என்றாய். புறங்கையால் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். கொதித்தது. "போய் உக்காரு. லன்ச்சுல பாக்கலாம்" என்றேன். வேறு பிள்ளையாக இருந்தால் அப்போதே வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருப்பேன். உனக்குச் சலுகை காட்டுகிறேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அந்த வருடம் முழுவதும் எனக்கு இருந்த ஒரே பயம் அதுதான்.

வேர்ச்சொல் முறையை நான் அந்த வருடம்தான் கையிலெடுத்தேன். மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகள் ஒவ்வொரு வார்த்தையாக விழுங்கிக்கொண்டு வருகிறார்கள். நான்காம், ஐந்தாம் வகுப்பில் புத்தகம் சட்டென்று தடிமனாகிவிடுகிறது. அறிவியலில் ஒரே பக்கத்தில் பத்துப் புது வார்த்தைகள். மனப்பாடம் பண்ணி மாளாது. தமிழில் அவர்களுக்கு இந்தச் சிரமம் இல்லை. நட என்றால் நடை, நடத்தை, நடைபாதை என்று வாயில் தானாக வரும். ஆங்கில வார்த்தைக்குள்ளும் அப்படி ஒரு வேர் இருக்கிறது என்று யாராவது காட்டிவிட வேண்டும். ஒன்றைப் பிடித்தால் பத்து வரும். பத்தையும் நானே எழுதிப் போட்டால் ஒன்றும் வராது. திங்கட்கிழமை கரும்பலகையில் ஒரு வேர் எழுதுவேன். கீழே தமிழில் பொருள். வெள்ளிக்கிழமைக்குள் அதிலிருந்து முளைத்த வார்த்தைகளைப் பிள்ளைகள் தேடிக்கொண்டு வர வேண்டும். வீட்டிலிருந்து, கடைப் பலகையிலிருந்து, பஸ்ஸிலிருந்து, எங்கிருந்து வேண்டுமானாலும். 'போர்ட்' என்றால் சுமப்பது என்று சொன்ன வாரம், ஒருவன் ஜங்ஷனில் சிவப்புச் சட்டைக்காரர் தலையில் பெட்டியோடு போனதைப் பார்த்துவிட்டு வந்து, "போர்ட்டர்! போர்ட்டர்!" என்று பெஞ்சில் ஏறி நின்றான். அந்த வாரங்களில் நான் நல்ல ஆசிரியைதான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

எனக்கென்று ஒரு நோட்டு. வேருக்கு ஒரு பக்கம். பிள்ளைகள் என்னென்ன சொல்லக்கூடும் என்று பட்டியல். கடைசி வரியில், அடிக்கோடிட்டு, யாரும் சொல்லவே முடியாத ஒரு வார்த்தை. அதை இன்ஸ்பெக்‌ஷனுக்கு என்று ஒதுக்கியிருந்தேன். அதிகாரிகள் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள், கேட்டிராத அந்த வார்த்தையைப் போடுவேன், ஒரு பிள்ளை எழுந்து வேரைப் பிரித்துப் பொருள் சொல்லும். இப்படி ஒரு காட்சியை மனதில் ஓட்டிப் பார்த்துவைத்திருந்தேன்.

அந்த வாரத்து வேர் 'பெட்'. பாதம், கால். புதன்கிழமை மூன்றாவது பீரியட்.

"பெடல் மிஸ்."

"மொபெட் மிஸ். எங்கப்பா ஓட்டுறாரு."

"பெட்ரூம் மிஸ். காலை நீட்டித்தான படுக்குறோம்?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். நீ கை தூக்கினாய்.

"பெடஸ்டல் ஃபேன் மிஸ்."

இன்னும் பெரிய சிரிப்பு. நீ உட்காரவில்லை. சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தாய். "இல்ல மிஸ். சீலிங் ஃபேன் தொங்குது. டேபிள் ஃபேன் மேசை மேல உக்காந்துருக்கு. இது மட்டும்தான் மிஸ் நிக்குது. ஒத்தக் கால்ல. அதான் அதுக்கு அந்தப் பேரு."

'பெட்' பக்கத்தின் கடைசி வரியில் நான் அடிக்கோடிட்டிருந்த வார்த்தை பெடஸ்டல்.

எனக்குச் சந்தோஷம் வந்ததா என்று பல முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். வந்தது. அரை நிமிடம் இருந்திருக்கும். அதற்குள் பின் வரிசையிலிருந்து ஒரு குரல், தாழ்ந்து, ஆனால் எனக்குக் கேட்கிற அளவுக்கு: "மிஸ் வீட்லயே சொல்லிக் குடுத்துட்டாங்கடா."

யார் குரல் என்று இன்றும் தெரியாது. பத்து வயதுப் பிள்ளையின் குரல். அதற்கு நான் பயந்தேன். உன் பக்கம் திரும்பியபோது என் முகம் மாறியிருந்திருக்க வேண்டும். நீ கையை இறக்கினாய்.

"நோட்ட எடுத்துப் பாத்தியா?"

"எந்த நோட்டு மிஸ்?"

"நடிக்காத. மிஸ்ஸோட நோட்ட பாத்தியா?"

"இல்ல மிஸ்."

"உண்மையச் சொன்னா அடிக்க மாட்டேன். பாத்தியா?"

ஜன்னல் பக்கம் பார்த்தாய். பிறகு என்னை. பிறகு தரையை.

"பாத்தேன் மிஸ்."

கடைசி பெஞ்ச். இரண்டு வாரம். போதாதென்று இம்போசிஷன். 'நான் இனிமேல் ஆசிரியரின் நோட்டைத் திருட்டுத்தனமாகப் பார்க்க மாட்டேன்.' ஐம்பது முறை. சாயங்காலம் ஹாலில் தரையில் உட்கார்ந்து எழுதினாய். அந்த ஃபேன் உன் முன்னால்தான் நின்று சுற்றிக்கொண்டிருந்தது. தாள் பறந்தது. கால் கட்டைவிரலால் தாளின் ஓரத்தை அமுக்கிக்கொண்டு எழுதினாய். ஃபேனை நிறுத்தலாம் என்று உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

முதல் ஷிப்ட் முடிந்து அப்பா வந்தார். தாளைக் குனிந்து படித்தார். எதற்கு என்று என்னைக் கேட்டார். சொன்னேன். அவர் முதலில் சிரித்தார்.

"பெடஸ்டலா? ஞாயித்துக்கிழம இந்த ஃபேனப் பிரிச்சு எண்ணெ போட்டோம்ல, அப்ப நான் சொன்னது. 'பெடஸ்டலத் தூக்கி அந்தப் பக்கம் வையிடா'ன்னேன். 'அப்படின்னா என்னப்பா'ன்னான். எனக்கென்ன தெரியும்? ஃபேனோட பேருடான்னேன்."

"அவனே பாத்தேன்னு ஒத்துக்கிட்டான்."

"நீ கேட்ட கேள்விக்கு நானா இருந்தாலும் ஒத்துக்கிட்டிருப்பேன்."

நீ தலையைத் தூக்கவில்லை. முப்பதாவது வரியோ என்னவோ. எழுதிக்கொண்டே இருந்தாய்.

அப்பா சொன்னதோடு எனக்கு விளங்கியிருக்க வேண்டும். வார்த்தை அப்பாவிடமிருந்து கிடைத்தது. பொருள் அவருக்கே தெரியாது. திங்கட்கிழமை நான் போட்ட வேரை வைத்துக்கொண்டு, புதன்கிழமைக்குள் நீயே அதைக் கண்டுபிடித்திருக்கிறாய். மூன்று வகை ஃபேனையும் மனதுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாய். இதைவிட வேறென்ன வேண்டும் ஓர் ஆசிரியைக்கு? நான் போதிக்கிற முறை என் கண் முன்னால் முழுசாக வேலை செய்தது. அதற்கு நான் திருட்டு என்று பெயர் வைத்தேன். அன்று இரவு சமாதானமும் சொல்லிக்கொண்டேன்: வார்த்தை அப்பாவிடம் கேட்டதாக இருக்கலாம், பொருளை நோட்டில் பார்த்திருக்கலாமே.

மறுநாள் காலை ஸ்டாஃப் ரூமில் பி பிரிவு சகாயமேரி டீச்சர் ஒரு நோட்டை என்னிடம் நீட்டினார். "தேங்க்ஸ் டீச்சர். வெள்ளிக்கிழம வாங்குனது, இன்னைக்குத்தான் குடுக்க முடிஞ்சுது. தப்பா எடுத்துக்காதீங்க."

என் நோட்டு. பழையது தீர்ந்துபோய் அந்த வெள்ளிக்கிழமைதான் பள்ளி ஸ்டோரில் புதிதாக வாங்கியது. 'பெட்' பக்கத்தை அன்று மதியம் ஸ்டாஃப் ரூமிலேயே எழுதினேன். எழுதி முடித்த கையோடு அவர் கேட்டார், கொடுத்தேன், மறந்தேன். அந்த நோட்டு நம் வீட்டு வாசலையே மிதித்ததில்லை. அந்தப் பள்ளியை விடும்வரை அதை நான் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. அன்றைக்கே பள்ளி அலமாரியில் வைத்துப் பூட்டினேன், வகுப்பில் பிறகு எடுக்கவே இல்லை.

மணி அடித்தது. நோட்டை அட்டென்டன்ஸ் ரெஜிஸ்டருக்குள் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். வழியில் பதினெட்டுப் படி. ஒவ்வொரு படியிலும், போனவுடன் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மிஸ்தான் தப்பு பண்ணிட்டேன். மூன்று வார்த்தை. நீ கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்து ஐம்பது வரியையும் நீட்டினாய். நான் ரெஜிஸ்டரை நோட்டோடு முதுகுக்குப் பின்னால் மாற்றிக்கொண்டு, மற்றக் கையால் தாளை வாங்கினேன். சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அதற்குள் தலைமையாசிரியை காதுக்குப் போய்விட்டிருந்தது. "சொந்தப் பிள்ளைன்னுகூடப் பாக்கலையாமே டீச்சர்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் அந்த வருடம் முழுவதும் பட்டினி கிடந்தவள். கையில் கிடைத்ததைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. காரணம் இவ்வளவு சின்னது. பெரிதாக ஏதாவது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. இதை நீ பார்த்தாய், ஆனால் ஒரு நாளும் சொன்னதில்லை. அடுத்த வாரம் இன்ஸ்பெக்‌ஷன். பெடஸ்டல் போய்விட்டது, வேறு வார்த்தை வேண்டும். நேரமில்லை. வனிதா என்று முதல் பெஞ்சுப் பெண். முந்தின நாளே அவளைத் தனியாக அழைத்து 'சென்டிபீட்' என்ற வார்த்தையைக் கொடுத்தேன். சென்ட் என்றால் நூறு, பீட் என்றால் கால், நூறு காலுள்ள பூச்சி, பூரான். இரண்டு முறை ஒப்பிக்கவும் வைத்தேன். அதிகாரிகள் முன்னால் அவள் அழகாகச் சொன்னாள், யோசிப்பது போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டுகூட. எல்லோரும் கைதட்டினார்கள். கடைசி பெஞ்சில் நீயும் தட்டினாய். முந்தின நாள் நான் அவளை அழைத்துப் பேசியபோது நீ வராந்தாவில் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தாய்.

அதற்குப் பிறகு நீ வகுப்பில் கை தூக்கவில்லை. அதை நான் வருடக் கடைசியில்தான் கவனித்தேன். வீட்டில் நடந்ததை அன்றே கவனித்தேன். அதுவரை 'அம்மா, நீ வா', 'அம்மா, நீ சாப்பிடு' என்றுதான் பேசுவாய். அந்த வியாழக்கிழமையிலிருந்து நீங்க. அப்பாவிடம் நீ, என்னிடம் மட்டும் நீங்க. பக்கத்து குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள், "எவ்வளவு மரியாதையான பையன்! எங்க வீட்லயும் இருக்கே ஒண்ணு!" என்று சொல்லும்போது நான் புன்னகைத்தேன். பள்ளி கேட் நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

காலேஜில் எழுத்துத் தேர்வில் நல்ல மார்க், வைவாவில் குறைவு. விரிவுரையாளர் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார், தெரிந்ததற்குக்கூடத் தெரியாது என்கிறான் என்று. அப்பா உன்னைக் கேட்டார். "தெரியாதுன்னு சொன்னா அதோட விட்டுருவாங்கப்பா" என்றாய். நான் அடுத்த அறையில் பயிற்சிக்கான அட்டைகளை வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோலை வைக்கவில்லை.

ஏனென்றால் அதற்குள் நான் பெரிய ஆள். வேர்ச்சொல் டீச்சர். பயிற்சி வகுப்புகளில் காலையில் முறையைச் சொல்வேன். மதியச் சாப்பாட்டுக்குப் பின் தூங்கி வழிகிறவர்களை எழுப்ப ஒரு கதை வேண்டும். உன்னைச் சொன்னேன். சொந்த மகன் நோட்டைப் பார்த்தான், நாற்பது பேர் முன்னால் தண்டித்தேன், ஆசிரியருக்கு எல்லாப் பிள்ளையும் ஒன்று. எங்கே நிறுத்தினால் கைதட்டல் வரும் என்று தெரிந்துவைத்திருந்தேன். முதல் சில தடவை நடுவில் வார்த்தை தடுமாறியது. அதையும் உருக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

போன மாதம் மன்னார்புரத்தில் நடந்த பயிற்சி. என்னை அழைத்துப் போக நீ பைக்கில் வந்தாய். நாலரைக்கு வரச் சொன்னேன். நான்கு மணிக்கே வந்துவிட்டாய். பின் கதவருகே ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதை, கதை பாதியில் இருக்கும்போது பார்த்தேன். அப்போது நிறுத்தியிருக்கலாம். வழக்கமான இடத்தில்தான் நிறுத்தினேன். கைதட்டினார்கள். நீ தட்டவில்லை.

சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டினோம். காவிரிப் பாலத்தில் நெரிசல். வண்டி நின்று நின்று போனது. நீ திரும்பாமல் கேட்டாய்:

"அந்த நோட்டு என்ன கலர்?"

"எந்த நோட்டு?" என்றேன். நடிக்காதே என்று நீ சொல்லவில்லை.

"இல்ல, சும்மாதான். எவ்வளவு யோசிச்சாலும் அது மட்டும் ஞாபகம் வர மாட்டேங்குது. எடுத்தது, தொறந்து பாத்தது எதுவுமே வரல. ஆனா பாத்திருக்கேன்னு மட்டும் தெரியுது."

இத்தனை வருடமும் நீ என்னை மன்னிக்காமல் இருக்கிறாய் என்று நினைத்திருந்தேன். அதற்கு ஒரு விதத்தில் பழகியும் இருந்தேன். நான் பொய் சொன்னேன் என்பது உன் மனதில் பத்திரமாக இருக்கிறது, என்றாவது எடுத்து என் முகத்தில் வீசுவாய் என்று. ஆனால் நீ என் கதையை நம்பிவிட்டாய். உனக்கு எதிராக, உன் ஞாபகத்துக்கும் எதிராக, என் பக்கம் சேர்ந்துவிட்டாய். பத்து வயதில் செய்யாத திருட்டை இருபத்து நான்கு வயதில் ஞாபகத்தில் தேடிக்கொண்டிருக்கிறாய். அதைக் கேட்ட பிறகும் நான் பால் வாங்கினேன்.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஒன்றே ஒன்று தெரியும், அதை மட்டும் சொல்கிறேன். புனேயில் உனக்குக் கீழே நான்கு பேர் வேலை செய்வார்கள் என்றாய். ஏதாவது ஒரு நாள் ஏதாவது ஒன்று தவறும், யாரையாவது நிறுத்திக் கேட்பாய். இல்லை என்று ஒருவன் சொன்னால் வேண்டுமானால் இன்னொரு முறை கேள். மூன்றாவது முறை கேட்காதே. மூன்றாவது முறை ஆள் களைத்துப்போய்விடுகிறான். அந்தக் களைப்பைத்தான் நான் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். இதைப் படிக்கிற ஆசிரியர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: பிள்ளை ஒரு புது வார்த்தையோடு வந்து நின்றால், எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். என் மகன் நான் கேட்காமலேயே சொன்னான். எனக்குத்தான் காது பின் பெஞ்சில் இருந்தது.

என் கதையை என்னிடம் கேட்டவர்கள், தங்கள் வகுப்பில் சொன்னவர்கள், யாரையாவது அதைக் காட்டித் தண்டித்தவர்கள், தயவுசெய்து மறந்துவிடாதீர்கள். திருத்திச் சொல்லுங்கள். அது பொய்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால், 'பரவால்ல விடுங்க' என்பாய். அந்த விடுங்கவை என்னால் இன்னொரு முறை கேட்க முடியாது. எனக்கு வேண்டியது வேறு. நீ அந்தப் புதன்கிழமைக்குத் திரும்பிப் போய்த் தேடுவதை நிறுத்த வேண்டும். அங்கே ஒன்றும் இல்லை.

நேற்று பரணிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கினேன். பள்ளியை விட்டபோது கட்டிக்கொண்டு வந்தது, ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்ததிலிருந்து பிரிக்கவே இல்லை. அடியில் இருந்தது. 'பெட்' பக்கத்தைத் திறந்தேன். கடைசி வரியில் அடிக்கோடு. மேலே என் கையெழுத்தில், 'யாரும் சொல்ல மாட்டார்கள்.'

கரும்பச்சை அட்டை. முதுகில் சிவப்புத் துணி. உனக்கு ஞாபகம் வராது. நீ அதைப் பார்த்ததே இல்லை.